செல்ஃப் மாற்றிய பிறகு காரில் மின்சாரமே இல்லை: யாரிடம் போவது?

இன்ஜினைச் சுற்றி எடுக்கவைக்கும் செல்ஃப் மோட்டார் மாற்றியாயிற்று. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ சத்தம்கூடக் கேட்கவில்லை. டாஷ்போர்டு இருண்டு கிடக்கிறது. ஹாரன் இல்லை, கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியவில்லை, ரிமோட்டை அழுத்தினால் பூட்டு அசையவில்லை. வேலைக்குக் கொடுக்கும் முன் செல்ஃப்தான் எடுக்காமல் இருந்தது, விளக்குகளாவது எரிந்தன. இப்போது அவையும் போய்விட்டன.

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். நானே பார்க்கலாமா? மாற்றியவரையே திரும்ப அழைக்கவா? வேறு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போகவா? சாலை உதவிக்குப் போன் செய்யவா? கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு இழுத்துப் போகவா? இதற்கிடையில் யாராவது ஒருவர் ‘பேட்டரி போய்விட்டது, புதிது போடுங்கள்’ என்று சொல்லியிருப்பார். அளந்து பார்க்காமல் சொல்லப்படும் அந்த யோசனையில்தான் பணம் வீணாகத் தொடங்குகிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்றுவரை எரிந்த விளக்குகள் இன்று எரியவில்லை என்றால், நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் ஸ்பேனர் எங்கெல்லாம் போனதோ அங்கேதான் கோளாறைத் தேட வேண்டும். ஆகவே அந்தப் பாதையை அளந்து பார்க்கக்கூடியவரே முதலில் தேவை. அது நீங்களாகவும் இருக்கலாம்.

## முதலில், உங்கள் கார் எந்த நிலையில் இருக்கிறது?

ஸ்டார்ட் ஆகாத கார்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. விளக்குகள் பிரகாசமாக எரிந்து, செல்ஃப் மட்டும் சுற்றவில்லை என்றால் அது வேறு கதை. செல்ஃபை இயக்கும் மின்காந்த சுவிட்சான சோலனாய்டுக்குச் சாவியிலிருந்து வரும் சிறிய வயர் மாட்டப்படாமல் இருக்கலாம். கிளட்ச் சுவிட்ச், ரிலே, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) ஆகியவற்றில் ஒன்று தடுக்கலாம். புதிய செல்ஃபே பழுதாகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

நாம் பேசுவது இரண்டு நிலைகளை. ஒன்று, எதுவுமே எரியாத நிலை. இன்னொன்று, உள்விளக்கு எரிகிறது, ஆனால் சாவியைத் திருப்பியதும் எல்லாம் ஒரே நொடியில் அணைந்துபோய், சற்று நேரம் கழித்துத் தானாகத் திரும்புகிறது. இரண்டாவதை மக்கள் பேட்டரி வீக் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பேட்டரி உண்மையில் இறங்கியிருந்தாலும் இப்படி நடக்கலாம்தான். ஆனால் எங்கோ ஓர் இணைப்பு பெயருக்கு ஒட்டிக்கொண்டிருந்து, உள்விளக்குக்குத் தேவையான சிறு மின்னோட்டத்தை விட்டுவிட்டு, செல்ஃப் கேட்கும் 100, 150 ஆம்பியரை விடாமல் தடுக்கும்போதும் இதேதான் நடக்கும்.

## செல்ஃப் மாற்றும்போது கை படும் இடங்கள்

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து பெரும்பாலான கார்களில் இரண்டு பாதைகள் புறப்படுகின்றன. தடித்த வயர் நேராகச் செல்ஃபின் சோலனாய்டில் உள்ள பெரிய போல்ட்டுக்குப் போகிறது. பல செல்ஃபுகளில் அந்த முனைக்கு 30 என்று எண் இருக்கும். மற்றொன்று மெயின் ஃபியூஸ் வழியாக ஃபியூஸ் பாக்ஸுக்குப் போகிறது. நெகட்டிவ் முனையிலிருந்தும் இரண்டு: தடித்த எர்த் வயர் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) கியர்பாக்ஸுக்கு அல்லது இன்ஜினுக்கு, மெல்லியது பாடிக்கு. சாவி திரும்பும்போது 50 என்ற சிறு முனைக்கு மின்சாரம் வந்து சோலனாய்டை இழுக்கிறது. செல்ஃபுக்குத் தனியாக எர்த் வயர் பொதுவாகக் கிடையாது. அதன் உடலே இன்ஜினோடு ஒட்டி எர்த் எடுத்துக்கொள்கிறது.

செல்ஃபைக் கழற்றுகிறவர் பேட்டரி டெர்மினலை எடுப்பார். பல சிறிய கார்களில் கை நுழைய இடமில்லாததால் பேட்டரியையும் அதன் தட்டையும் வெளியே வைப்பார். 30 முனையின் நட்டைக் கழற்றுவார். சில மாடல்களில் எர்த் வயரின் லக் (நுனியில் உள்ள உலோக வளையம்) செல்ஃபைப் பிடிக்கும் போல்ட்டிலேயே சேர்த்து மாட்டப்பட்டிருக்கும். அதையும் விலக்கியாக வேண்டும். திரும்ப மாட்டும்போது இவற்றில் ஒன்று விடுபட்டாலோ, பெயின்ட் மேல் அமர்ந்தாலோ, இறுகாமல் போனாலோ கார் இருண்டுவிடும்.

நான் சந்தேகப்படும் வரிசை இது. முதலில் பேட்டரி டெர்மினல். உப்புப் பூத்த டெர்மினலை அப்படியே திரும்ப அழுத்தி மாட்டினால் பார்ப்பதற்கு உட்கார்ந்தது போலிருக்கும், மின்சாரம் போகாது. அடுத்து எர்த் வயர். மூன்றாவது, 30 முனையில் இருக்க வேண்டிய இரண்டாவது லக். சில மாடல்களில் ஃபியூஸ் பாக்ஸுக்கோ, ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கோ போகும் வயர் அதே போல்ட்டில்தான் சேரும்; அது வெளியே தொங்கிக்கொண்டிருந்தால் செல்ஃப் புதிதாக இருந்தும் பயனில்லை. நான்காவது மெயின் ஃபியூஸ். கடைசியாகத்தான் பேட்டரி. பழைய செல்ஃபை எடுக்க வைக்கப் பல நாள் திரும்பத் திரும்ப முயன்றதில் அது உண்மையாகவே வற்றியிருக்கவும் கூடும்.

மெயின் ஃபியூஸ் பற்றி ஒரு வார்த்தை. செல்ஃபுக்குப் போகும் தடித்த வயருக்குப் பல கார்களில் ஃபியூஸ் கிடையாது. ஆகவே ஸ்பேனர் அங்கே இன்ஜினில் உரசிப் பொறி பறந்தாலும் மெயின் ஃபியூஸ் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. அதை ஒரே நொடியில் எரிப்பது பெரும்பாலும் வேறொரு தவறு: பேட்டரியைத் திரும்ப வைக்கும்போது முனைகள் மாறிப்போவது. அப்போது ஆல்டர்னேட்டரில் உள்ள டயோடுகள் வழியாக மின்னோட்டம் தடையின்றிப் பாய்கிறது. ஃபியூஸ் எரிந்து மற்றவற்றைக் காப்பாற்றப் பார்க்கிறது. எப்போதும் முழுமையாகக் காப்பாற்றிவிடுவதில்லை.

இன்னொரு சங்கடமான சாத்தியமும் உண்டு. பழைய செல்ஃப் நல்ல நிலையில் இருந்திருக்கலாம். உப்புப் பூத்த டெர்மினல், துருப்பிடித்த எர்த் ஆகியவை தரும் அறிகுறியும் தேய்ந்த செல்ஃப் தரும் அறிகுறியும் ஒன்றுதான்: ‘டிக்’ சத்தம், பிறகு மௌனம். ஏற்கெனவே நலிந்திருந்த இணைப்பு, வேலையின்போது அசைக்கப்பட்டதும் முழுதாகக் கைவிட்டிருக்கலாம். அப்படியென்றால் இது புதிய கோளாறு அல்ல. பழைய கோளாறு முற்றியிருக்கிறது. யாரை அழைப்பது என்ற முடிவில் இது முக்கியமானது. பழைய கோளாறை அளக்காமல் செல்ஃபை மாற்றியவர் இந்த முறை மட்டும் அளப்பாரா?

## எதை வைத்து ஒப்பிடுவது

செலவை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஐந்து விஷயங்களை வைத்துப் பார்க்கிறேன். மூல காரணம் அகப்படுமா, இல்லை அறிகுறி மட்டும் மறையுமா? கையை விட்டுப் போகும் பணம் எவ்வளவு, பில்லில் வராத செலவு எது? முயற்சியே புதிய சேதத்தை உண்டாக்குமா? நாளை மறுபடி நின்றால் பொறுப்பு யாருடையது? கார் இப்போது எங்கே நிற்கிறது: வீட்டு வாசலிலா, பட்டறையிலா, நெடுஞ்சாலையிலா?

| வழி | காரணம் அகப்படுமா | நேரடிச் செலவு | மறைந்திருக்கும் செலவு | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|
| நீங்களே சோதிப்பது | டெர்மினல், எர்த், மெயின் ஃபியூஸ் வரை அகப்படும் | மல்டிமீட்டர் (மின்னழுத்தம் அளக்கும் கருவி), டெஸ்ட் லேம்ப். சில நூறு ரூபாய் | ஸ்பேனர் தவறினால் ஷார்ட் | வீட்டில் நிற்கும் எளிய கார், பகல் வெளிச்சம் |
| செல்ஃப் மாற்றியவர் | விடுபட்டதை அவரே அறிவார் | பெரும்பாலும் இல்லை | மறுபடி பாகம் மாற்றும் ஆபத்து | அதே நாள், அதே ஊர் |
| ஆட்டோ எலக்ட்ரீஷியன் | வாய்ப்பு மிக அதிகம் | மிதமானது | ஒட்டுப்போட்ட வயரிங் | அளந்தும் புரியாதபோது, காரண காரியம் தெரிய வேண்டும்போது |
| சாலை உதவி | அரிது | பாலிசியில் இருந்தால் இல்லை | கோளாறு மறைந்து பிறகு வெளிவரும் | பாதுகாப்பற்ற இடத்தில் நிற்கும்போது |
| சர்வீஸ் சென்டர் | அகப்படும், தாமதமாக | அதிகம் | இழுத்துப் போகும் கட்டணம், காத்திருப்பு | வாரண்டி, புஷ் பட்டன், ஹைபிரிட் |

## நீங்களே சோதிப்பது

தயங்குபவர்கள்தான் அதிகம். ஆனால் இந்தக் கோளாறில் முதல் அரை மணி நேரச் சோதனை கடினமானதே அல்ல. ஒரு மல்டிமீட்டர், 10 எண் ஸ்பேனர், ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு டெஸ்ட் லேம்ப் போதும். மல்டிமீட்டர் சென்னையில் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்; சிற்றூர்களில் எலக்ட்ரிக்கல் கடைகளிலும் உண்டு. டெஸ்ட் லேம்ப் என்பது 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் இணைத்தது. நீங்களே செய்துகொள்ளலாம்.

தொடங்கும் முன் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிவிடுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் மேலே, சாவி வெளியே. பேட்டரி அருகில் தீ வேண்டாம். அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும்.

பானட்டைத் திறந்ததும் மீட்டரை எடுக்காதீர்கள். டெர்மினல் கிளாம்ப் இரண்டையும் கையால் திருகிப் பாருங்கள். கையால் அசைந்தால் அதுவே கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு எர்த் வயர்களைக் கண்ணால் பின்தொடருங்கள். ஒவ்வொன்றும் எங்கோ போல்ட்டில் முடிய வேண்டும். பேட்டரித் தட்டின் கீழே ஒரு லக் ஆதரவற்றுத் தொங்கினால் தேடல் முடிந்தது.

அடுத்து மீட்டர். ஹெட்லைட் சுவிட்சை ஆன் செய்து வைத்துவிட்டு அளப்பது நல்லது. சுமை கேட்கப்படும்போதுதான் இணைப்பின் குறை தெரியும். மீட்டரின் முனைகளைக் கிளாம்பில் வைக்காமல் பேட்டரியின் ஈய முனைகள் மீதே வையுங்கள். ஓய்வில், விளக்குகள் எதுவும் எரியாதபோது, நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் அதைச் சார்ஜ் செய்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். பேட்டரியில் 12.5 இருந்தும் கார் இருட்டாக இருந்தால், பேட்டரி விற்க வந்தவரை அனுப்பிவிடலாம்.

இப்போது சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈய முனையில் அப்படியே வைத்துக்கொண்டு, கறுப்பு முனையை மட்டும் நகர்த்துங்கள். முதலில் நெகட்டிவ் ஈய முனை, பிறகு அதன் கிளாம்ப், பிறகு இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகம், பிறகு பாடியில் ஒரு போல்ட். எந்த அடியில் 12 வோல்ட் காணாமல் போகிறதோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில் இணைப்பு அறுந்திருக்கிறது. எர்த் பக்கம் சரியாக இருந்தால் தலைகீழாகச் செய்யுங்கள்: கறுப்பு நெகட்டிவ் முனையில் நிலையாக, சிவப்பு பாசிட்டிவ் கிளாம்பு, மெயின் ஃபியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஃபியூஸ் பாக்ஸின் உள்வரும் போல்ட். ஃபியூஸின் ஒரு பக்கம் 12, மறுபக்கம் பூஜ்யம் என்றால் அது எரிந்துவிட்டது.

மீட்டரை மட்டும் நம்பிப் பலர் ஏமாறுவது இங்கேதான். மீட்டர் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆகவே நூறு இழை உள்ள வயரில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும், சுமை இல்லாத நேரத்தில் அது 12 வோல்ட் என்றே காட்டும். ‘எல்லா இடத்திலும் 12 வருகிறது, ஆனாலும் எரியவில்லை’ என்று குழம்புவது இதனால்தான். டெஸ்ட் லேம்ப் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் கேட்கும். மீட்டர் 12 என்று சொன்ன இடத்தில் பல்பு மங்கலாக எரிந்தால் இணைப்பு பொய் சொல்கிறது. இந்தக் கோளாறுக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் நான் பல்பைத்தான் எடுப்பேன்.

எர்த்தைச் சந்தேகித்தால் இன்னும் எளிய சோதனை உண்டு. ஜம்பர் கேபிளில் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறு முனையை பேட்டரியிலிருந்து தள்ளி இன்ஜினின் வெறும் உலோகத்தில் கடித்துவிடுங்கள். விளக்குகள் உயிர்பெற்றால் எர்த் வயர்தான் குற்றவாளி. இன்ஜினில் மாட்டியும் வரவில்லை, பாடியில் மாட்டினால் வருகிறது என்றால் பாடிக்குப் போகும் வயர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாடி எர்த் இருந்து, இன்ஜினுக்கான தடித்த எர்த் மட்டும் விடுபட்டிருந்தால் விளக்குகள் எல்லாம் எரியும். நம்பிச் சாவியைத் திருப்பினால் செல்ஃபின் மின்னோட்டம் திரும்பி வர வேறு வழி தேடும்: கியர் கேபிள், கிளட்ச் கேபிள், மெல்லிய சென்சார் வயர்கள். அவை நொடிகளில் சூடேறிப் புகையும். கருகல் வாசனை வந்தால் அடுத்த முறை திருப்பவே கூடாது.

மெயின் ஃபியூஸ் எரிந்திருந்தால் உங்கள் வேலை அங்கே நிற்கட்டும். அதே ஆம்பியரில் புதியது போடும் முன் ஏன் எரிந்தது என்று தெரிய வேண்டும். கம்பி சுற்றுவதோ, கூடுதல் ஆம்பியர் ஃபியூஸ் போடுவதோ காரையே எரிக்கக்கூடிய செயல். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் பல கார்களில் ஏர்பேக்குடையவை, ஆரஞ்சு வயர்கள் ஹைபிரிட்டின் உயர் மின்னழுத்தம். இரண்டையும் தொட வேண்டாம். டெர்மினலைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசை இருந்தால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. நெகட்டிவ் கிளாம்பில் சிறு பெட்டி போல சென்சார் இருக்கும் புதிய கார்களில் கிளாம்பைச் சுத்தியலால் தட்டி இறக்காதீர்கள்; அந்த சென்சார் மலிவானதல்ல.

## செல்ஃப் மாற்றியவரையே திரும்ப அழைப்பது

எந்த போல்ட்டை எங்கே வைத்தோம் என்று அவர் கைக்குத் தெரியும். விடுபட்ட ஒரு லக்தான் காரணம் என்றால் ஐந்து நிமிடத்தில் முடிப்பார், பணமும் கேட்க மாட்டார். பொறுப்பும் அவரிடமே இருக்கும். நீங்கள் வேறொருவரிடம் காட்டிவிட்டு வந்தால் ‘நான் விட்டபோது சரியாக இருந்தது’ என்பதற்குப் பதில் சொல்ல முடியாது. வேலை முடிந்த அதே நாளில் கோளாறு என்றால் இதுதான் நியாயமான முதல் அழைப்பு. குற்றம் சாட்டாமல், ‘அண்ணா, எர்த்தும் முப்பதாம் முனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்’ என்று சொன்னாலே பாதிப் பேர் சட்டெனப் புரிந்துகொள்வார்கள்.

ஆபத்து எங்கே? அவர் இன்ஜின் வேலையில் தேர்ந்தவராகவும் மின்சாரத்தில் தயக்கம் உள்ளவராகவும் இருந்தால், இரண்டாவது முறையும் பாகத்தையே மாற்றப் பார்ப்பார். செல்ஃப், பிறகு பேட்டரி, பிறகு ஆல்டர்னேட்டர் என்று பில் நீளும். அவர் வந்ததும் மீட்டரோ டெஸ்ட் லேம்ப்போ கையில் எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுக்கவில்லை என்றால் அடுத்த பாகத்துக்குச் சம்மதம் சொல்லாதீர்கள்.

பழைய செல்ஃபைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தாலும் அன்றே கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். அது நல்ல நிலையில் இருந்ததா என்பதை நிரூபிக்க வேறு வழி இல்லை. பில்லும் வேண்டும். வேலையில் குறை என்று பேச்சு முற்றினால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடாக அதைக் கொண்டுபோக முடியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் அந்தப் பேச்சு தொடங்குவதே கடினம்.

## ஆட்டோ எலக்ட்ரீஷியன்

அளந்து பார்த்தும் புரியவில்லை, அல்லது அளக்க மனமில்லை என்றால் என் தேர்வு இவர்தான். பேட்டரி, டைனமோ, செல்ஃப், ஒயரிங் என்று போர்டு மாட்டிய சிறு கடைகள் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இருக்கின்றன. செல்ஃப் மோட்டார் உற்பத்திக்கும் இந்த மண்ணுக்கும் பழைய தொடர்பு உண்டு. சென்னையின் பாடி பகுதியில் லூகாஸ் டிவிஎஸ் ஆலை 1960-களிலிருந்து இயங்கிவருகிறது. செல்ஃபைப் பிரித்து கார்பன் பிரஷ், பெண்டிக்ஸ் (இன்ஜினோடு கவ்வும் பல்சக்கரம்), சோலனாய்டு என்று தனித்தனியாக மாற்றிக் கொடுக்கும் கைகள் நம்மூரில் இன்னும் குறையவில்லை. அந்தக் கையால் உங்கள் பழைய செல்ஃபையும் மேஜை மீது வைத்து ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியும். சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். சில ஆயிரம் ரூபாய்க் கேள்விக்கு விடை கிடைக்கும்.

நல்ல எலக்ட்ரீஷியன் ‘வோல்டேஜ் டிராப்’ பார்ப்பார். செல்ஃப் சுற்றும்போதே பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃபின் 30 முனைக்கும் நடுவில் அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகக் கூடாது. எர்த் பக்கம் இன்னும் குறைவாக, 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீறினால் அந்தப் பக்கத்து வயரோ இணைப்போ மோசம். இந்த ஓர் அளவு, பாகங்களை ஊகத்தில் மாற்றும் வழக்கத்துக்கே முற்றுப்புள்ளி வைக்கிறது. இதைத் தாமாகச் செய்கிறவர் கிடைத்தால் அவருடைய எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்த வழியிலும் ஒரு செலவு மறைந்திருக்கிறது. அவசரத்தில் சிலர் மூல வயரைத் தேடாமல், பேட்டரியிலிருந்து புதிய வயர் ஒன்றை நேராக இழுத்து இன்சுலேஷன் டேப் சுற்றி அனுப்பிவிடுவார்கள். கார் எடுக்கும். ஃபியூஸ் இல்லாத அந்த வயர் இன்ஜின் சூட்டில் தோல் உரிந்து பாடியில் பட்டால் அணைக்க எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் புதிதாக வயர் ஏதேனும் சேர்ந்திருக்கிறதா, அதில் ஃபியூஸ் உண்டா என்று கேளுங்கள். கூடுதல் எர்த் வயர் போட்டிருந்தால் கவலை இல்லை; பாசிட்டிவ் பக்கத்து ஒட்டுதான் ஆபத்து.

## சாலை உதவி

இரவில் நெடுஞ்சாலையோரம் நிற்கும்போது மேலே சொன்ன அளவுகோல்கள் எல்லாம் பின்னால் போய்விடுகின்றன. தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். கார் இன்சூரன்ஸில் சாலை உதவிச் சேர்க்கை இருந்தால் பாலிசியில் தனி எண் இருக்கும். மின்சாரம் இல்லாததால் ஹசார்டு விளக்கும் எரியாது; முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, காரை விட்டு இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள்.

வருகிறவர் பெரும்பாலும் ஜம்ப் ஸ்டார்ட் தருவார். முறைப்படி கடைசி நெகட்டிவ் கவ்வியை இன்ஜின் உலோகத்தில்தான் மாட்டுவார். உங்கள் எர்த் வயர் விடுபட்டிருந்தால் அந்தக் கவ்வியே தற்காலிக எர்த் ஆகி, கார் அழகாக எடுத்துவிடும். எல்லோரும் பேட்டரிதான் காரணம் என்று முடிவு கட்டுவார்கள். கேபிளைப் பிடுங்கியதும் மறுபடி இருட்டு. இப்படி நடந்தால் அதையே துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் மோசமானது, இறுகாத டெர்மினலோடு கார் ஓடத் தொடங்குவது. ஓடும்போது பேட்டரி இணைப்பு விட்டுப்போனால் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் திடீரென எகிறி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவைத் தாக்கக்கூடும். ஆகவே தள்ளி ஸ்டார்ட் செய்யும் யோசனையையும் விட்டுவிடுங்கள். மின்சாரம் துளியும் இல்லாத இன்றைய காரில் ஃபியூயல் பம்ப்பும் இன்ஜெக்டரும் வேலை செய்யாது, தள்ளியவர்களுக்கு வியர்வைதான் மிச்சம்.

## கம்பெனி சர்வீஸ் சென்டர்

வாரண்டி காலம் முடியாத கார் என்றால் வேறு யோசனை தேவையில்லை. பெல்ட்டில் ஓடும் ஜெனரேட்டரும் இரண்டாவது பேட்டரியும் உள்ள மைல்ட் ஹைபிரிட், சிக்னலில் தானாக அணைந்து எடுக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார், பேட்டரியை டிக்கியில் வைத்திருக்கும் சொகுசு கார் ஆகியவற்றுக்கும் இதே பதில். அவர்களிடம் அந்த மாடலின் வயரிங் வரைபடமும் ஸ்கேனரும் இருக்கின்றன. முனைகள் மாறி மெயின் ஃபியூஸ் எரிந்த சந்தேகம் இருந்தால், எந்தெந்த கன்ட்ரோல் யூனிட் பாதிக்கப்பட்டது என்று பார்க்க ஸ்கேனர் தேவைப்படலாம்.

பத்து வயதான சாதாரணக் காருக்கு இது பெரும்பாலும் அதிகப்படி. கோளாறு ஒரு லக்கில் இருந்தாலும் கேபிளை முழுத் தொகுப்பாக மாற்றும் வழக்கம் அங்கே உண்டு. வெளியே வாங்கிய செல்ஃபுக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். அங்கே போய்ச் சேர்வதற்கே செலவு இருக்கிறது. மின்சாரம் இல்லாத புஷ் பட்டன் காரில் ஸ்டீயரிங் பூட்டு விடுபடாமல் போகலாம். ஆட்டோமேட்டிக் கியர் ‘பி’யிலிருந்து வெளியே வர, லீவர் அருகில் இருக்கும் சிறு மூடியைத் திறந்து பூட்டை விடுவிக்க வேண்டியிருக்கும். மின்சார ஹேண்ட் பிரேக் பிடித்தபடியே நிற்கும். இத்தகைய காரைக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், முழுதும் ஏற்றிச் செல்லும் வண்டியைக் கேளுங்கள். கதவு திறக்கவில்லையே என்று பதற வேண்டாம். ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சிறு சாவி ஒளிந்திருக்கும்.

## புதிய பேட்டரி எப்போது?

முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்வில் வைத்து, லோடு டெஸ்டரில் (சுமை கொடுத்துச் சோதிக்கும் கருவி) தோற்றால் மட்டும். சிறிய காருக்கே சில ஆயிரம் ரூபாய் போகும் பொருள் அது. புதிய பேட்டரியை மாட்டும்போது டெர்மினலைச் சுரண்டி இறுக்குவதால் கோளாறு தற்செயலாகச் சரியாவது உண்டு. அதே வேலையை உப்புத்தாள் செய்திருக்கும்.

## மின்சாரம் திரும்பிய பிறகு

யார் சரி செய்தாலும், கிளம்பும் முன் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் ஆல்டர்னேட்டர் தப்பியிருக்கிறது. புதிய கார்களில் சில, பேட்டரியின் நிலைக்கேற்ப இதைக் கூட்டிக் குறைக்கும். ஆனால் ஹெட்லைட், ஏசி எல்லாம் ஆன் செய்த பிறகும் 12.5-இலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. முனைகள் மாறியிருந்த சந்தேகம் உள்ளவர்கள் இந்த அளவைத் தவறவே விடக் கூடாது.

பவர் விண்டோ ஒரே அழுத்தில் ஏறாவிட்டால் கண்ணாடியை முழுதும் ஏற்றி பட்டனைச் சில நொடி பிடித்திருந்தால் பல கார்களில் நினைவு திரும்பிவிடும். ஸ்டீரியோ குறியீட்டு எண் கேட்டால் அது காரோடு வந்த புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கலாம். ஐடிலிங் சற்று ஏறி இறங்கினால் சிறிது தூரம் ஓட்டிய பின் தானே அடங்கும்.

சில நாள் ஓடிய பின், இன்ஜினை அணைத்த உடனே, இரண்டு டெர்மினலையும் எர்த் போல்ட்டையும் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தனியாகச் சுட்டால் அந்த இணைப்பு இன்னும் சரியாக அமரவில்லை. கழற்றி, சுரண்டி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவி மீண்டும் இறுக்க வேண்டும்.